ஆறாவது தடத்தை ஏன் நிறுத்தினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் இசை கேட்கும் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள், என்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்கள். யார் பெயரையும் இழுக்கப்போவதில்லை. கிராமத்து இயற்கையைப் பாடும் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினீர்கள். அடுத்து, இசைத்தட்டின் ஆறாவது தடம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே "இது வெறும் இரைச்சல், போதும்" என்று நிறுத்திவிட்டு டீ குடிக்கக் கிளம்பினீர்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அது ஒரே இசைத்தட்டு. முன்பாதி மட்டும் போதும் என்றால் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனிக்கு எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டிருக்கலாம். நடத்துநர் மான்ஃபிரட் ஹோனெக்கும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழுவும் அதன் பக்கத்தில் நம் கால இசையமைப்பாளர் ஸ்டீவன் ஸ்டக்கியின் 'மௌன வசந்த'த்தை வைத்தது தட்டில் இடம் மிச்சம் இருந்ததால் என்றா நினைத்தீர்கள்?

'மௌன வசந்தம்' முதலில் ஒரு புத்தகத்தின் பெயர். அதை எழுதிய உயிரியலாளர் ரேச்சல் கார்சன் பிறந்தது அந்த ஊர்ப் பக்கம்தான். அலெகெனி ஆற்றில் பிட்ஸ்பர்க்குக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்டேலில், 1907இல். படித்ததும் பிட்ஸ்பர்க்கில். டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளை வரைமுறையில்லாமல் கொட்டியதில் பறவைகளும் மீன்களும் செத்ததை 1962இல் அந்தப் புத்தகமாக எழுதினார். அதன் ஐம்பதாவது வருடமான 2012க்காக, அதே ஊர் இசைக்குழு கேட்டு ஸ்டக்கி எழுதிக் கொடுத்ததுதான் நீங்கள் நிறுத்திய இசை. முதன்முதலில் வாசித்ததும் இதே குழு, நடத்தியதும் இதே ஹோனெக். பதினேழு பதினெட்டு நிமிடம் இருக்கும். அதற்குள் நான்கு பகுதிகள், நான்குக்கும் கார்சனின் எழுத்திலிருந்து எடுத்த தலைப்புகள். மூன்றாவதன் பெயர் மரண நதிகள். மூன்று ஆறுகள் கூடும் ஊரில் இருப்பவர்கள் வாசிக்கிறார்கள். அந்தப் பகுதி வரைக்கும்கூட உங்களுக்குப் பொறுமை இல்லை.

"பீத்தோவனோடு இதைச் சேர்த்தது பொருத்தமே இல்லை" என்றார் ஒருவர். இதைவிடப் பொருத்தம் எப்படி வரும்? பீத்தோவனின் இரண்டாம் பகுதியின் முடிவில் நீங்கள் எல்லோரும் சிரித்துத் தலையாட்டிய இடம் இருக்கிறதே, புல்லாங்குழலில் நைட்டிங்கேல், ஓபோவில் காடை, கிளாரினெட்டில் குயில், அதை எழுதியவருக்கு அப்போது காது போய்க்கொண்டிருந்தது. 1802இல் வியன்னா பக்கத்து ஹைலிகன்ஷ்டாட்டில் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்தில் நிற்பவருக்குத் தூரத்துக் குழலோசை கேட்கிறது, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று அழுகிறார். ஆறு வருடம் கழித்து இந்த சிம்பொனி. அந்தப் பறவைகளை அவர் நினைவிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும். அவருக்குக் காது போனது. ஸ்டக்கியின் இசையில் பறவையே போய்விட்டது. முதலாவதைக் கேட்டு உருகியவர்கள் இரண்டாவதை இரைச்சல் என்றால் எனக்குக் கோபம் வராதா?

இயற்கை இசை என்றால் மனசுக்கு அமைதி தரவேண்டும் என்கிறீர்கள். சரி, பீத்தோவனின் நான்காம் பகுதி என்ன, தாலாட்டா? அவ்வளவு நேரம் சும்மா இருந்த டிம்பனி என்ற பெருமுரசு அந்தப் புயலில்தான் முதன்முதலாக இடிக்கிறது. அதைக் கண்ணை மூடி ரசித்தீர்கள். புயல் ஓய்ந்து இடையர்கள் நன்றி சொல்லிப் பாடுவார்கள் என்று தெரியும், அந்த தைரியம். ஸ்டக்கியிடம் அந்த நன்றிப்பாட்டு கிடையாது. கொடுக்க மனமில்லாமல் இல்லை, நடந்த கதையில் அது இல்லை.

இசை பிரச்சாரம் செய்யக்கூடாது என்றும் ஒரு கமெண்ட். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. பாடகர் இல்லை, வசனம் இல்லை. கேட்காமலே விமர்சனம் எழுதுபவர்களிடம் என்ன பேசுவது.

இன்னொருவர், "இது மேல்நாட்டுக்காரன் சோகம், நமக்கென்ன" என்று எழுதியிருந்தார். அதுதான் இரண்டு நாளாக நெஞ்சில் கிடக்கிறது. எங்கள் ஊர் கரிசல்காடு. பருத்திக்கு மருந்து அடிக்கும் நாட்களில் அப்பா வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் வேட்டியை அம்மா தனியாகத்தான் துவைப்பார், எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். மறுநாள் வரப்போரத்தில் மைனாவோ தவிட்டுக்குருவியோ செத்துக் கிடக்கும். தம்பி குழி தோண்டிப் புதைப்பான். அப்பா பார்த்தும் பார்க்காதது மாதிரிப் போவார். அந்தப் பருத்தி விளைந்ததால்தான் நாங்கள் சாப்பிட்டோம், நான் படித்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த ஆறாவது தடத்தை முதல்முறை கேட்டபோது அந்த வரப்பு கண்முன் வந்தது. அப்படி இருக்கும்போது எது மேல்நாடு, எது நம் நாடு என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

டி.டி.டி. மலேரியாவைத் தடுத்ததே என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். தடுத்தது, மறுக்கவில்லை. கார்சன் எல்லா மருந்தையும் தடைசெய் என்று கேட்கவே இல்லை. கண்மண் தெரியாமல் தெளிக்காதே என்றார். அதற்கே ரசாயனக் கம்பெனிகள் அவரைப் பாடாய்ப் படுத்தின. விஞ்ஞானம் தெரியாமல் உணர்ச்சிவசப்படும் பெண் என்று ஏசினார்கள். மார்பகப் புற்றுநோயோடு அந்தப் புத்தகத்தை எழுதி முடித்தவர். நோயை வெளியே சொல்லாமல் அமெரிக்க செனட் குழு முன் போய் உட்கார்ந்து பதில் சொன்னார். புத்தகம் வந்து இரண்டு வருடம் நிறைவதற்குள், 1964 ஏப்ரலில், இறந்துவிட்டார். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது 1972இல். அவர் அதைப் பார்க்கவில்லை. இசை எழுதிய ஸ்டக்கி 2016இல் போய்விட்டார். 2022இல் வெளிவந்த இந்த இசைத்தட்டை அவரும் பார்க்கவில்லை.

இப்போது என் பதிவுக்குக் கீழேயும் "ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று வரும். ஆமாம், உணர்ச்சிவசப்படுகிறேன். முழுதாகக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம். டீ குடிக்கப் போனவர்களுக்கு இனி பதில் எழுதப்போவதில்லை.