ஏற்காட்டுப் பங்களாவைக் கொஞ்ச நாள் பூட்டி வைப்போம்

ஏற்காட்டில் நடக்கிற சிறுவர் துப்பறியும் கதை என்றாலே ஒரு பழைய பங்களா, பனிமூட்டம், மாடியில் தானாக எரியும் விளக்கு, தரைக்கடியில் சுரங்கப் பாதை, கடைசியில் ஒரு கடத்தல் கும்பல். பாதிக் கதைக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. அப்புறமும் வாசிக்கிறார்கள் என்றால் அது எழுத்தாளர் மேலுள்ள மரியாதை. எட்டு வயதில் அந்த மரியாதை ரொம்ப நேரம் தாங்காது.

ரொனால்ட் நாக்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பாதிரியார், தானே துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929-இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் போட்டார். ஒரு கதையில் ஒன்றுக்கு மேல் ரகசிய அறையோ பாதையோ கூடாது என்பது அதில் ஒன்று. (நம்மவர்கள் ஒரே பங்களாவில் மூன்று தோண்டுகிறார்கள்.) துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது இன்னொன்று. சிறுவர் கதைக்கு இந்த ஒரு விதியே போதும் என்பது என் கட்சி. பயமுறுத்துவது எளிது. தான் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்று ஏன் முக்கியம் என்று தெரியாமல் பிள்ளையைத் தவிக்க விடுவதுதான் கஷ்டம்.

அந்தத் தவிப்புக்கு நம் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக மலையேறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், எண் பலகைகளோடு. பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே போவார்கள். மழையில் மண் சரிந்து அந்தப் பாதையை அடைத்தால் வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகும். முதல் அத்தியாயத்தில் அப்படி ஒரு மழையைப் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். நான்காவதில் காட்டேஜில் தங்கியிருக்கும் விருந்தாளி, "நேத்துதான் வந்தேன், பதினெட்டாவது வளைவுல வாந்தியே வந்துடுச்சு" என்று சொல்லட்டும். கதைக்குள் ஒருவரும் அதைக் கவனிக்க வேண்டாம். வாசிக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அதேபோல, ஏப்ரலில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் சாதித்தால் மலைப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். பழம் பறிப்பதெல்லாம் குளிர்காலத்தில். கோடை மழைக்குக் காப்பிச் செடி பூக்கத்தான் செய்யும்.

திருடன் யார் என்பதை மறைத்தால்தான் விறுவிறுப்பு என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே 1929-இல் எரிக் கேஸ்ட்னர் ஜெர்மன் மொழியில் எழுதிய எமில் கதையில், ரயிலில் பணத்தைத் திருடியவன் யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பணம் அவனுடையது அல்ல என்று நிரூபிப்பதில்தான் கதையே இருக்கிறது. பறிகொடுத்த பையன் எமில் நோட்டுகளைக் கோட்டின் உள்பக்கம் குண்டூசியால் குத்தி வைத்திருந்தான். அந்த ஊசித் துளைகள் காட்டிக்கொடுக்கின்றன. குத்தும்போது நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்!

சேலத்தில் அதற்கு ஈடாக ஒரு கதை சொல்ல வேண்டுமென்றால் நான் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குத்தான் போவேன். கொலுசு ஒரே கையில் உருவாவதில்லை. கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், மெருகு போடுவது வேறிடம். வெள்ளி எடை போட்டுப் போகும், எடை போட்டுத் திரும்பும். சரி, ஒரு நாள் வெள்ளி குறைகிறது, ஆனால் எடை குறையவில்லை என்றால்? செம்பைக் கலந்துவிட்டார்கள். பெரியவர்கள் தராசையே பார்த்துக்கொண்டிருக்க, தரையில் தவழும் தங்கச்சியின் கணுக்காலில் கொலுசு பட்ட இடத்தில் பச்சையாக ஒரு கறை. அதைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளின் உயரம் வேண்டும்.

பழி விழுவது பக்கத்து வீட்டு அண்ணன் மேல். தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிற அண்ணன். பிணம், துப்பாக்கி எதுவும் தேவையில்லை, சனிக்கிழமை அவரை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்பது போதும். எட்டாவது படிக்கிற பெண் பள்ளி ஆய்வகத்திலிருந்து அளவு ஜாடியைக் கெஞ்சி வாங்கி வருகிறாள். ஒரு கிலோ சுத்த வெள்ளிக் கம்பி தண்ணீரில் மூழ்கினால் நீர்மட்டம் சுமார் 95 மில்லி லிட்டர் உயரும். கால் பங்கு செம்பு கலந்திருந்தால் 99-ஐத் தாண்டும். வெறும் நான்கு மில்லி லிட்டர்! அத்தியாயத்தை அங்கே நிறுத்துங்கள். இருட்டில் தோளில் ஒரு கை விழுந்து, அடுத்த பக்கத்தில் அது நண்பனின் கை என்று சொல்லும் பழைய ஏமாற்று வேலையெல்லாம் எதற்கு?

இன்னொன்று, பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே விடுங்கள். ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், பஸ்ஸுக்குக் காசில்லை, அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார், சொன்னால் யாரும் நம்புவதில்லை. இதற்கு மேல் வில்லன் என்ன தடை போட்டுவிடப் போகிறான்? பத்து வயதுப் பையன் ஜீப் ஓட்டிக் கொள்ளைக்காரனைத் துரத்தும் இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

இன்ஸ்பெக்டர் வந்து கைகுலுக்கிப் பரிசு கொடுக்கும் கடைசிப் பக்கத்தையும் வெட்டிவிடலாம். பட்டறை முதலாளி அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, வார்த்தை வராமல், டீ சொல்லட்டுமா என்று கேட்பதை எழுதுங்கள். பெரியவர்கள் திருதிருவென்று முழிப்பதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு அலாதி சந்தோஷம்.