பெறுநரைப் பார்ப்பது வேற அட்டவணை

அண்ணை, போஸ்ட்ஃபிக்ஸ் எண்ட மெயில் சேர்வர் மென்பொருளைப் பற்றி 'சென்டர் டிபென்டன்ட் ரிலேஹோஸ்ட் மேப்ஸில ஜிமெயிலைப் போட்டால், ஜிமெயிலுக்குப் போற மெயில் எல்லாம் மற்ற ரிலேயால (மெயிலை வாங்கி அங்கால அனுப்பிவிடுற சேர்வரால) போகும்' எண்டு எழுதியிருக்கிறியள். அது பிழை. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த அட்டவணையில பார்க்கிறது அனுப்புநரின்ர முகவரியை. பெறுநரின்ர டொமைனை வைச்சுப் பிரிக்கிறதுக்கு டிரான்ஸ்போர்ட் மேப்ஸ் எண்ட அட்டவணைதான். ரிலேஹோஸ்ட் எண்ட பொதுவான ரிலே அமைப்பையும் மீறி அதுதான் செல்லும்.

கிளிநொச்சியில எங்கட சங்கக் கந்தோர் சேர்வரில நானும் இதே பிழையை விட்டு, பின்னேரம் முழுக்க லொக்கை (சேர்வரின்ர பதிவேட்டை) பார்த்துக்கொண்டிருந்தனான். 'ரிலே=' எண்டதுக்குப் பக்கத்தில பழைய ரிலேயின்ர பேர்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ரிலேயின்ர பேரைச் சதுர அடைப்புக்குள்ள போடுங்கோ, இல்லாட்டி அந்தப் பேருக்கு எம்எக்ஸ் (மெயில் வாங்கிற சேர்வர் எதெண்டு சொல்லுற பதிவு) தேடப் போயிடும். அட்டவணை ஹாஷ் வகைக் கோப்பெண்டால் மாத்தின ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப் கட்டளையை (கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடுற வடிவத்துக்கு மாத்திறது) ஓட்டோணும். எஸ்பிஎஃப் பதிவில (உங்கட டொமைன் பேரில மெயில் அனுப்ப எந்தச் சேர்வருகளுக்கு அனுமதி எண்டு சொல்லுறது) ரெண்டு ரிலேயும் இருக்குதோ எண்டும் பாருங்கோ.