ஆயில் கூடினால் கலவை ரிச் ஆகாது

ஒருவர், "டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் பிளக் கறுத்தால் கலவை ரிச், அதனால் ஆயிலைக் குறைத்து 60:1 போடுங்கள், எல்லா வண்டிக்கும் அதுதான்" என்று எழுதியிருக்கிறார். 60:1 என்றால் 60 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். இதை நம்பி யாராவது பிஸ்டனைச் சீஸ் ஆக்கிவிடாதீர்கள், அதாவது சிலிண்டருக்குள் இறுகிச் சிக்க வைத்துவிடாதீர்கள்.

ரிச், லீன் என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்: பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். ஆயில் கூடினால் கார்புரேட்டரில் உள்ள அதே ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வழியாகப் போகிற பெட்ரோல் கொஞ்சம் குறைகிறது, அதாவது லீன் பக்கம்தான் நகரும், அவர் சொன்னதற்கு நேர் எதிர். 40:1-ல் ஆயில் சுமார் 2.4 சதவீதம், 20:1-ல் 4.8, அவ்வளவுதான் வித்தியாசம். பிளக் அடிக்கடி கறுத்தால் முதலில் ஜெட்டிங்கை, அதாவது ஜெட்டின் அளவு சரியா என்று பாருங்கள், அப்புறம் வண்டியை எப்போதும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே உருட்டுகிறீர்களா என்று பாருங்கள்.

60:1 தப்பு என்று சொல்லவில்லை. கார்புரேட்டர் வைத்த கேடிஎம் 300-க்கு, நல்ல சிந்தெடிக் ஆயிலோடு, கம்பெனியே சொன்ன அளவு அது. ஆனால் யமஹா ஒய்இசட்250 மேனுவல் 30:1 என்கிறது. 5 லிட்டருக்கு ஒன்றில் 83 மில்லி, இன்னொன்றில் 167 மில்லி, சரியாகப் பாதி! கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் பெட்ரோலோடு வரும் அந்த ஆயிலை விட்டால் வேறு கதி கிடையாது. மேனுவலைப் பார்த்து ஊற்றுங்கள், அளவுக் குவளையில், கண்மதிப்பில் வேண்டாம். விகிதத்தை மாற்றினால் ஜெட்டிங்கையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.