முடிச்சிட்டுத்தான் சார் கூப்பிடுறோம்

எங்கள் பகுதியில் புதுப் பள்ளிக் கட்டடம் வரப்போகிறது. கருத்துக் கேட்புக் கூட்டம், புதன்கிழமை காலை 11 மணி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "பிளான் முடிஞ்சிடுச்சா?"

"முடிச்சிட்டுத்தான் சார் கூப்பிடுறோம். முடிக்காம கூப்பிட்டா எதைக் காட்டுறது?"

அந்தத் தம்பி கிண்டலாகச் சொல்லவில்லை. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. நானும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் இரண்டு நாளாக மனசு அதிலேயே கிடக்கிறது. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேறொரு பள்ளி, பெயர் வேண்டாம். திரையில் கட்டடத்தின் கலர் படம். இந்தப் படங்களில் மட்டும் மரங்கள் இலை உதிர்ப்பதே இல்லை. விளக்கியெல்லாம் முடித்துவிட்டு "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். முகப்புக்கு என்ன பெயின்ட் என்பதிலேயே முக்கால்வாசி நேரம் போனது. கைதூக்கி ஓட்டெடுப்பு வேறு. எல்லாம் ஓய்ந்தபிறகு, பின்னால் சுவரோரம் நின்றிருந்த துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் கேட்டார். "மாடியில வாளிக்குத் தண்ணி எங்க சார் பிடிக்கிறது?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா."

அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மாடியில் இருப்பது கைகழுவும் பேசின் மட்டும்தான். அதன் குழாய்க்கடியில் வாளி நுழையாது. இன்றைக்கும் அவர் கீழே பிடித்து இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போகிறார். படிக்கட்டில் சொட்டுச் சொட்டாக ஈரம். "வழுக்கும், கவனம்" என்று அங்கே ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெயின்ட் மூன்று மழையில் வெளுத்துவிட்டது.

பேப்பர் வெறுமையாக இருந்த நாளில் அவரைக் கேட்டிருந்தால், பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போடுகிற வேலை. டெண்டர் விட்டபிறகு அதே கட்டத்துக்குத் திருத்திய மதிப்பீடு வேண்டும், மறுபடி ஒப்புதல் வேண்டும். கான்கிரீட் போட்டபிறகென்றால் தளத்தைக் குடைய வேண்டும். யாருக்கு மனசு வரும்?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்து 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் தகவல் சொல்வது 3-வது படி, கருத்துக் கேட்பது 4-வது. இரண்டையுமே ஒப்புக்கு நடக்கிறவை என்ற பிரிவில்தான் வைத்தார். சேர்ந்து முடிவெடுப்பது அதற்கும் மேலே, 6-வது படியில்தான் தொடங்குகிறது. பெயின்ட் ஓட்டெடுப்பை எந்தப் படியில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து வின்னெட்காவில் 1940-ல் திறந்த குரோ ஐலண்ட் பள்ளியைச் சொல்லலாம். வடிவமைத்தவர்களில் ஒருவரான லாரன்ஸ் பெர்கின்ஸ், கோடு போடுவதற்கு முன் வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து என்ன நடக்கிறதென்று பார்த்தார். ஆசிரியர்களிடம் கேட்டார்கள், கட்டடத்தைப் பராமரிக்கிறவர்களிடமும் கேட்டார்கள். அங்கே லைட் ஸ்விட்ச் பிள்ளைகளின் கைக்கு எட்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கழிப்பறை, வெளியே போகத் தனிக் கதவு. சின்னப் பிள்ளைகளோடு ஒரு முழுநாள் இருந்து பார்த்தவருக்குத்தான் இதெல்லாம் தோன்றும்.

ஊர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாஸோ நாட்டின் காண்டோ கிராமத்தில், கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே மண்ணால் பள்ளி கட்டலாம் என்றபோது, மழையில் கரைந்துவிடும் என்று ஊரே தயங்கியது. கெரே அந்த ஊர்ப் பிள்ளைதான், இருந்தும் ஊர் அவரை நம்பவில்லை. அவர் களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து கற்கள் செய்தார். சுவரில் மழை படாதபடி தகரக் கூரையை அகலமாக நீட்டி, வெக்கை இறங்காமல் இருக்க உயர்த்தியும் வைத்தார். ஊர்க்காரர்களே வேலை செய்து 2001-ல் கட்டி முடித்தார்கள். 2022-ல் கெரேவுக்குக் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது விருது இல்லை. ஊரின் சந்தேகத்தை "உங்களுக்குத் தெரியாது" என்று தள்ளாமல், கண்ணால் பார்க்கிற மாதிரி பதில் சொன்னதுதான்.

தூணுக்கு எத்தனை கம்பி, தீப்பிடித்தால் எந்த வழி, படிக்கட்டு எவ்வளவு அகலம், இதெல்லாம் கைதூக்கி முடிவு செய்கிற விஷயமே இல்லை. பொறியாளர் சொன்னால் சொன்னதுதான். பட்ஜெட்டையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆளாளுக்கு நீச்சல் குளம் கேட்போம், அப்புறம் ஏமாந்துவிட்டோம் என்போம்.

இன்னொன்று, புதன்கிழமை 11 மணிக்கு யார் வருவார்? என்னைப் போல நேரம் இருக்கிறவர்கள் வருவோம். தன் வீட்டெதிரே கேட் வரக்கூடாது என்பவர் கட்டாயம் வருவார். வேலைக்குப் போகிற அம்மாக்கள் வரமாட்டார்கள். பள்ளி விடுகிற நேரத்தில் கேட்டருகே ஒரு மேசை போட்டுப் பிளானை விரித்து வைத்தால் போதும், நின்று பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பிறகு எழுதி ஒட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

பிள்ளைகளை யாரும் கேட்பதே இல்லை. பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம், புதுப் பள்ளியில் என்ன வேண்டும் என்று சும்மா கேட்டேன். ஸ்மார்ட் போர்டு, லேப் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "பாத்ரூம் தாழ்ப்பாள் சரியா விழணும் மாமா. இப்ப நான் உள்ள போனா என் ஃப்ரெண்டு வெளிய கதவைப் பிடிச்சுக்குவா. அவ லீவு போட்டா நான் தண்ணியே குடிக்கமாட்டேன்."

இன்று காலை அந்த எண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். கூட்டத்துக்கு முன்னால் பிளானில் ஒரு பிரிண்ட் கிடைக்குமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"பள்ளியில துப்புரவு வேலை பார்க்கிற ஒரு அக்காகிட்ட காட்டணும் தம்பி. அப்புறம் ஒரு அஞ்சாம் கிளாஸ் பொண்ணுகிட்ட."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

"ஏ3 போதுமா சார், இல்ல பெரிசா வேணுமா?"