கோல் கணக்கைப் பார்த்து மிட்ஃபீல்டரை எடுக்காதீங்க

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஃபுட்பாலுக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட, காலேஜ் டீம்கள். உவரி, இடிந்தகரை பக்கம் போனால் கடற்கரை மணலிலேயே பந்தோடு வளர்கிற பிள்ளைகள். வேகமாக ஓடுகிறவன் இருக்கிறான், ஓங்கி அடிக்கிறவனும் இருக்கிறான். பெரிய கிளப்பின் நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவன்தான் அரிதாக வருகிறான். திறமை இல்லாததால் இல்லை. பையனை அளக்கிற அளவுகோல் தப்பு. நாலு பேரை வெட்டிப் போய் கோல் போட்டவன் கையில் கோப்பையைக் கொடுக்கிறோம். அவனுக்கு அந்தப் பந்தைச் சரியான நேரத்தில் தந்தவன் பெயர்கூட மைக்கில் வராது.

மிட்ஃபீல்டருக்குப் பாதி வேலை பந்து காலுக்கு வருமுன்னே முடிந்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறான், எந்தப் பக்கம் ஆளில்லை என்பது தெரிந்தவனுக்கு ஒரு டச், அதாவது பந்தை ஒரே தடவை தொடுவது போதும். தெரியாதவன் பந்தை நிறுத்துவான், குனிவான், நிமிர்ந்து தேடுவான். அதற்குள் எதிராளி மேலே வந்து விழுந்திருப்பான். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் பந்து வருமுன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவை வைத்து எண்ணினார். அடிக்கடி பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகம் ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

இதைப் பழக்க மூன்று பையன்களும் ஒரு பந்தும் போதும். மூவரையும் ஒரே கோட்டில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். முதல் பையன் நடுவில் நிற்பவனுக்குப் பாஸ் கொடுக்கிறான். பின்னால் நிற்கும் மூன்றாமவன் கையைத் தூக்கி விரல் காட்டுகிறான். நடுவில் நிற்பவன் இரண்டு தடவை பார்க்க வேண்டும்: முதல் பையன் பந்தைத் தட்டிவிட்டு அடுத்த அடிக்குக் காலைத் தயார் செய்யும் இடைவெளியில் ஒரு தடவை, பந்து உருண்டு வரும்போது இன்னொரு தடவை. உடம்பு பாதி திரும்பியே நிற்க வேண்டும். பந்தை, அது வரும் பக்கத்திலிருந்து தூரத்தில் இருக்கும் காலில் வாங்க வேண்டும். வாங்கின அசைவிலேயே திரும்பி மூன்றாமவனுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாமவன் நெருங்கி வந்துவிட்டால் திரும்பக் கூடாது, ஒரே டச்சில் வந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

பிசகுவது மூன்று இடத்தில். பாஸ் கொடுப்பவன் உதைக்கிற அந்தக் கணத்திலேயே தலையைத் திருப்பினால் பந்தின் வேகம் பிடிபடாது, டச் துள்ளிவிடும். சிலர் சாருக்குக் காட்டுவதற்காகத் தலையை ஆட்டுவார்கள், கண் எதையும் பார்த்திருக்காது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் "எத்தனை விரல்?" என்று கேட்க வேண்டும். மூன்றாவது, கிட்டத்துக் காலிலேயே வாங்குவது. அப்படி வாங்கினால் முதுகு மைதானத்தை மூடிக்கொள்ளும், பந்து பின்னால்தான் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றி, கால் மணி நேரம் செய்தால் போதும்.

இன்னொன்று, அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நம்ம கிரவுண்டில் "ஏலே, பின்னால ஆளுலே!" என்று ஓரத்தில் நிற்பவர் முதல் கோல்கீப்பர் வரை கத்துகிறார்கள். பையன் காதால் ஆடப் பழகிவிடுகிறான். கூட்டம் நிறைந்த ஸ்டேடியத்தில் அந்தச் சத்தம் கேட்காது.

தரையும் ஒரு காரணம்தான். கட்டாந்தரையிலும் தேரி மணலிலும் பந்து எப்போது எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் பையன் கண் பந்தை விட்டு நகராது. மணலில் ஆடினவனுக்குக் கெண்டைக்கால் பலம் வரும், பந்தைத் தூக்கிவிடும் பழக்கமும் கூடவே வரும். வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்கூடத்து பாஸ்கெட்பால் கோர்ட்டில், வழவழப்பான தரையில் நாலு பேரை வட்டமாக நிறுத்திப் பாஸ் ஆட விடுங்கள், நடுவில் ஒருவனோ இருவரோ பந்தைப் பறிக்கப் பார்க்கட்டும். எட்டு மீட்டர் சதுரம் போதும். பந்தில் காற்றழுத்தம் 8.5-லிருந்து 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம் என்கிறது ஆட்ட விதி. சைக்கிள் கடையில் கல் மாதிரி அடித்துக்கொண்டு வருவதுதான் நம்ம வழக்கம். கெட்டித் தரையில் பழகும்போது 9-ஐ ஒட்டி வைத்தால் டச் பழகும், கணுக்காலும் பிழைக்கும். ஸ்டட்ஸ் விஷயத்தில் பிடிவாதமாகவே சொல்கிறேன்: ஈரப் புல்லுக்கான நீளமான இரும்பு முளை பூட்டை நம்ம காய்ந்த கிரவுண்டில் போடவே கூடாது. முளை தரையில் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முட்டிதான் வாங்கும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ விலையும் குறைவு, இந்தத் தரைக்கும் ஏற்றது.

அடுத்தது செவன்ஸ். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. ஏழு பேர் ஆட்டம் பார்க்க நல்லாயிருக்கும், பரிசுப்பணமும் வரும். ஆனால் சின்ன கிரவுண்டில் கோல்கீப்பர் ஒரே உதையில் பந்தை எதிர்க் கோலுக்குப் பக்கத்தில் போட்டுவிடுவார். நடுவில் நிற்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு 30, 40 மீட்டர் பாஸ் போடுவதும், கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் இரண்டு ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நின்று வழியை அடைப்பதும் அங்கே வராது. 14 வயதுக்கு மேல் மிட்ஃபீல்டராக வளர்க்க நினைக்கிற பையனுக்குப் பதினொருவர் ஆட்டம்தான் சோறு, செவன்ஸ் ஊறுகாய்.

அதிலும் பரீட்சை முடிந்த ஏப்ரல், மே மாதத்தில்தான் டோர்னமென்டுகள் குவியும். பாளையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் காலம். ஒரே பையன் மூன்று டீமுக்கு ஆடுவான், ஒரே நாளில் இரண்டு மேட்ச் ஆடுவான். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் மிட்ஃபீல்டர் பெட்ரி 2020-21 பருவத்தில் கிளப்புக்கும் நாட்டுக்கும் சேர்த்து 73 ஆட்டம் ஆடினார். ஐரோப்பியக் கோப்பையான யூரோ, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் இரண்டும் அதில் அடக்கம். அப்போது அவருக்கு 18 வயது. அடுத்த பருவம் தொடைத் தசைக் காயத்திலேயே பெரும்பகுதி போயிற்று. பிசியோ, மசாஜ், சாப்பாட்டு நிபுணர் என்று ஒரு பட்டாளமே கூட இருந்தும் அவருக்கு அந்த நிலை. நம்ம பையனுக்கு இருப்பது ஒரு ஐஸ் பாக்கெட். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இறங்கின ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் அளவில், உப்புப் போட்ட நீராகாரமோ ஓ.ஆர்.எஸ்.ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

வார்ம்-அப் என்று இரண்டு சுற்று ஓடவிடுவதை நிறுத்திவிட்டு, காயத்தைக் குறைக்க உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா வகுத்த 11 பிளஸ் பயிற்சியைச் செய்ய வையுங்கள். 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும், 2 நிமிடம் வேக ஓட்டம். மொத்தம் 20 நிமிடம், செலவு ஒன்றுமில்லை. எல்லாக் காயத்தையும் இது தடுத்துவிடாது. பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜுக்கு 2020 நவம்பரில், ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முட்டி போய், அந்தப் பருவமே முடிந்தது. முட்டித் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனவன் ஒன்பது மாதத்துக்கு முன்னால் மேட்சில் இறங்கக் கூடாது. ஐந்தாம் மாதமே ஓட முடியும், வலியும் இருக்காது. "பைனல் மட்டும் ஆடிக் குடுடே" என்று கூப்பிடுவதும் அப்போதுதான்.

18, 19 வயதில் கிளப் தேடும்போது பெயரைப் பார்க்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். பெரிய ஐ.எஸ்.எல். கிளப்பின் பெஞ்சில் வருடம் முழுக்க உட்காருவதைவிட, அதற்கு அடுத்த படியிலுள்ள தேசிய லீக் டீமிலோ சென்னை சீனியர் டிவிஷனிலோ 90 நிமிடம் ஆடுவது மேல். அபுயா, ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம் மூவரும் நடுக்கள ஆட்டக்காரர்கள். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் ஆடின இந்திய அணியில் இருந்தவர்கள், பிறகு இளையோருக்கென்றே இருந்த இந்தியன் ஏரோஸ் டீமின் சட்டையில், ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் பெரியவர்களோடு மோதினவர்கள். அங்கே தோற்றது நிறைய. ஆனால் வாரா வாரம் ஆடினார்கள்.

தாள் விஷயம். பிறந்த வருடத்தைக் குறைத்துப் போடாதீர்கள். இளையோர் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயது ஆகாதவனோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக்கூடாது. காயத்தில் கிடக்கும்போது சம்பளம் உண்டா, ஆபரேஷன் செலவு யாருடையது, ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டுமா என்று மூன்றையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடமிருக்கிறது. 2025-ல் ஐ.எஸ்.எல். குறித்த காலத்தில் தொடங்காமல் நின்றபோது பெரிய கிளப்புகளே சம்பளத்தை நிறுத்தின. அதனால் டிகிரியை விடாதீர்கள். ரயில்வே, இந்தியன் வங்கி, வருமானவரித் துறை டீம்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கின்றன.

உள்ளூர் கிளப் நடத்துகிற அண்ணாச்சிமாருக்கு: கிளப்பையும் பையனையும் 12 வயதிலிருந்தே முறையாகப் பதிவு செய்து வையுங்கள். நாளைக்கு அவனை ஒரு வெளிநாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரையான நான்கு பருவத்துக்கு வருடம் 0.25 சதவீதம். ஒரு கோடி என்றால் உங்கள் பங்கு ஒரு லட்சம். பதிவு இல்லையென்றால் ஒரு பைசா வராது.

"ஸ்பெயினில் ட்ரயல், மூன்று லட்சம் கட்டு" என்று வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பையனுக்கு 18 ஆகவில்லையே, எந்த விதிவிலக்கில் சேர்ப்பீர்கள்? மிகச் சில விதிவிலக்கு தவிர, அந்த வயதில் நாடு மாறிப் பதிவு செய்ய ஃபிஃபா விடாது.

கடைசியாக, கிளப்புக்கு அனுப்புகிற வீடியோ. கோல்களை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு இரண்டு நிமிடம் அனுப்புகிறார்கள். மிட்ஃபீல்டரை எடுக்கிற கோச்சுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, உயரமான இடத்தில், மாடியிலோ கேலரியின் கடைசிப் படியிலோ போனை நிறுத்தி ஒரு முழு ஆட்டத்தை எடுங்கள். பந்துக்குப் பின்னாலேயே ஜூம் பண்ணாதீர்கள். பந்து இல்லாதபோது பையன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான் என்பது தெரிகிற மாதிரி ஃப்ரேம் அகலமாக இருக்கட்டும். சட்டை எண்ணையும் அவன் ஆடும் இடத்தையும் முதலில் எழுதிவிடுங்கள்.