விண்டோஸ் வேண்டாம் என்பவரிடமும் அதற்குக் காசு வாங்குவது என்ன நியாயம்?

கடையில் வாங்கும் பெரும்பாலான மடிக்கணினிகள் விண்டோஸ் ஏற்றப்பட்டே வருகின்றன; அதன் விலையும் கணினியின் விலையிலேயே சேர்ந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்பவரும் அந்தக் காசைக் கொடுத்தே ஆக வேண்டும். டெல், லெனோவோ ஆகிய நிறுவனங்களும், எச்பியிலிருந்து 2015இல் பிரிந்த எச்பிஇயும், பெரிய நிறுவனங்களுக்கான தங்கள் சர்வர் கணினிகளில் ரெட் ஹாட், சூசே ஆகிய லினக்ஸ் வகைகள் பழுதின்றி ஓடும் என்று சான்றளித்தே விற்கின்றன. உலகின் அதிவேகமான 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸைத் தவிர வேறு இயங்குதளமே இல்லை. பல லட்சம் கொடுத்து சர்வர் வாங்கும் வங்கிக்கு நம்பகமான லினக்ஸ், சேமிப்பைக் கொட்டி ஒரு மடிக்கணினி வாங்குகிறவனுக்கு மட்டும் ஆகாதா? ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்கிற இந்த நடத்தையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லினக்ஸ் ஓடும், வாரண்டி முடியாத என் மடிக்கணினியின் என்டர் விசை அண்மையில் செயலிழந்தது. இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே வரும் பயாஸ் திரையிலும் அது வேலை செய்யவில்லை என்பதால், பழுது விசைப்பலகையில்தான் என்பதில் ஐயமே இல்லை. அதைச் சேவை மையத்தில் செய்துகாட்டிய பிறகும், "லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை சார், விண்டோஸ் போட்டு எடுத்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசைக்கு அடியில் தேய்ந்துபோன ரப்பருக்கும் இயங்குதளத்துக்கும் என்ன சம்பந்தம்?

பணத்தைத் திருப்பிக் கேட்டாலோ கதை இன்னும் மோசம். வேண்டாத விண்டோஸுக்கான விலையை வாங்கியவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று, எச்பி சம்பந்தப்பட்ட வழக்கில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதற்குப் பிறகும், அதே நாட்டில் லெனோவோ கணினி வாங்கிய ஒருவர் வெறும் 42 யூரோவுக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர் வென்ற பிறகும் நிறுவனம் மேல்முறையீடு செய்து இழுத்தடித்ததால்தான், மொன்சா நீதிமன்றம் 2020இல் அவருக்கு 20,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2016இல், மென்பொருளோடு சேர்த்து விற்ற மடிக்கணினி பற்றிய சோனி வழக்கில், மென்பொருளின் விலையைத் தனியே காட்டாததைக்கூட முறைகேடாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டது. எவ்வளவு பிடுங்கினார்கள் என்றே தெரியாதவன் எதைத் திருப்பிக் கேட்பான்?

லினக்ஸுக்கு ஏற்றபடி மடிக்கணினி செய்வது கடினம் என்ற சாக்கையும் நான் ஏற்க மாட்டேன். 2012 முதல் டெல் தன் எக்ஸ்பிஎஸ் 13 மாடலை உபுண்டு என்ற லினக்ஸ் வகையுடன் விற்றுக் காட்டியிருக்கிறது. 2016இல் லெனோவோவின் யோகா 900 மாடல் ஒன்றில், வன்பொருளைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருள், சேமிப்பகத்தை ரெய்டு என்ற முறையில் மட்டுமே இயங்க விட்டதால், லினக்ஸை நிறுவும் மென்பொருளின் கண்ணுக்கு எஸ்எஸ்டி என்ற அந்தச் சேமிப்பகமே தென்படவில்லை. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு, லினக்ஸுக்குப் புரியும் ஏஎச்சிஐ என்ற முறையை அனுமதிக்கும் புதிய பயாஸை அதே நிறுவனம்தான் வெளியிட்டது. ஆக, முடியாமல் இல்லை. செய்ய மனம் இல்லை.

ரசீதில் விண்டோஸின் விலையைத் தனி வரியாக அச்சிடுங்கள். வேண்டாம் என்பவருக்கு அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, எல்லா மாடல்களையும் இயங்குதளம் இல்லாமலும் விற்றுவிட்டுப் போங்கள். வன்பொருளுக்கு வாரண்டி கொடுத்துவிட்டு, அதில் என்ன ஓடுகிறது என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்.