மெஷின் போட மாட்டேன் மாஸ்டர்

(கிளிநொச்சி. ஏ9 வீதியிலிருந்து இரண்டு கடை உள்ளே ஒரு சலூன். சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னும் நான்கு நாள். இந்த நேரத்தில் சலூனில் இடம் கிடைக்காது. ஆனால் பகல் பன்னிரண்டரை வெயிலுக்குப் பயந்து ஒருவரும் இல்லை. கரண்டும் இல்லை. ஓட்டோவிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டர் குடையோடு இறங்குகிறார். கூடவே ஒரு பெரிய நாய். யார் யாரை இழுத்து வருகிறார் என்று சொல்வது கஷ்டம். சலூன்காரர் முன்பு மாஸ்டரிடம் படித்தவர். படித்தவர் என்றால், அந்த வகுப்பில் இருந்தவர்.)

மாஸ்டர்: தம்பி, ஆள் இல்லைத்தானே? இவருக்கு ஒரு மொட்டை.

சலூன்காரர்: எவருக்கு மாஸ்டர்?

மாஸ்டர்: இந்தா, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாரே.

சலூன்காரர்: மாஸ்டர், இது ஆட்கள் இருக்கிற கதிரை.

மாஸ்டர்: கதிரையில் இருத்தச் சொன்னேனா? கீழே நிற்கட்டும். கரண்ட் இல்லை என்று சாட்டுச் சொல்லாதே, உன்னிடம் சார்ஜ் மெஷின் இருக்கிறது. காசைப் பெரியவர் கணக்கில் எடு. ஓட்டோக்காரனும் அப்படித்தான் எடுத்தான்.

சலூன்காரர்: பெயர் என்ன?

மாஸ்டர்: அலாஸ்கா. மகள் வைத்தது. இனமோ சைபீரியன் ஹஸ்கி. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் வளர்த்த நாய்க்கு அலாஸ்கா என்று பெயர்! புவியியலுக்குத் தனியாக டியூசன் அனுப்பிய பிள்ளை.

சலூன்காரர்: நிற்பது கிளிநொச்சியில். இரண்டு இடமும் பிழைதான், விடுங்கள்.

மாஸ்டர்: கொழும்பில் ஏசி அறைக்குள் வைத்து வளர்த்தாள். இப்போது கனடாவுக்குப் போய்விட்டாள். 'அப்பா, இரண்டு மாதம் பாருங்கள்' என்றாள். இது ஐந்தாவது மாதம்.

சலூன்காரர்: வன்னியில் பிறந்தது மைனஸ் 20இல் போய் நிற்கிறது. மைனஸ் 20இல் நிற்க வேண்டியது வன்னிக்கு வந்திருக்கிறது. விமான நிலையத்தில் இரண்டு பேரையும் மாறி ஏற்றிவிட்டார்கள் போல.

மாஸ்டர்: பகிடி விடாதே. இது லேசான வம்சம் இல்லை. 1925இல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் டிப்தீரியா என்கிற தொண்டைக்கரப்பன் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனிக்குள் மருந்தை இழுத்துக்கொண்டு போனவற்றில் இந்த நாய்களும் உண்டு. மாறி மாறி ஓடி ஆறு நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன.

சலூன்காரர்: இவர் ஓட்டோவிலிருந்து என் வாசல்படிக்கு வர இரண்டு இடத்தில் படுத்தாரே மாஸ்டர்.

மாஸ்டர்: அதற்குத்தானே மொட்டை! அவ்வளவு மயிரும் போனால் காற்றுப் படும். சும்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற மாதிரித்தானே இது?

சலூன்காரர்: நான் மெஷின் போட மாட்டேன் மாஸ்டர்.

மாஸ்டர்: ஏன், கடிக்கும் என்று பயமா?

சலூன்காரர்: கடித்தால் ஊசி போடலாம். இந்த மயிரை வழித்துவிட்டு, அது ஒழுங்காக முளைக்காவிட்டால் என்ன செய்வது? முன்பு ஒருவர் பொமரேனியன் ஒன்றைக் கொண்டுவந்தார். நானும் விசரன் மாதிரி வழித்துவிட்டேன். ஒரு வருடத்துக்கு அது பூச்சி அடித்த கத்தரிச்செடி மாதிரித் திரிந்தது. அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வீதிக்கு அந்தப் பக்கம் மாறிப் போகிறார். இப்போது வேறு சலூனில் வெட்டுகிறார். வடிவாகவும் இல்லை.

மாஸ்டர்: ஒரு பொமரேனியனை வைத்து முடிவெடுப்பதா? விஞ்ஞானத்தில் அப்படி இல்லை.

சலூன்காரர்: மிருக வைத்தியர் மாதம் ஒரு தடவை இதே கதிரையில்தான் இருப்பார். சவரத்துக்கு நுரை பூசும் வரைக்கும் வாய் மூடாது. அவரிடம் கேட்டேன். இந்த நாய்களுக்கு மயிர் இரண்டு அடுக்காம். அடியில் பஞ்சு மாதிரி ஒன்று. மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக ஒன்று. மேல் மயிர் வெயிலைத் தோலில் படவிடாது. மாஸ்டர், நீங்கள் எட்டாம் வகுப்பில் என்னை எழுப்பி ஒரு கேள்வி கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

மாஸ்டர்: உன்னிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் விடை வரவில்லை.

சலூன்காரர்: 'அசையாத காற்று என்ன கடத்தி?' என்று கேட்டீர்கள்.

மாஸ்டர்: அரிதிற்கடத்தி. சூட்டை லேசில் கடத்தாது.

சலூன்காரர்: பாருங்கள், அன்றைக்கும் நீங்களேதான் சொன்னீர்கள். மயிருக்குள் நிற்பது அந்தக் காற்றுத்தான். குளிரும் லேசில் உள்ளே போகாது, வெயிலும் லேசில் உள்ளே போகாது. கிடுகுக் கூரை மாதிரி. வெக்கை என்று கூரையைப் பிரித்து எறிந்துவிட்டு உள்ளே படுப்பீர்களா?

மாஸ்டர்: (கொஞ்சம் யோசித்து) இந்தக் கிடுகு உவமானம் வைத்தியருடையதா, உன்னுடையதா?

சலூன்காரர்: என்னுடையது. சரி, ஒன்று சொல்லுங்கள். ஏன் குடையோடு வந்தீர்கள்?

மாஸ்டர்: சூரியன் கிளிநொச்சிக்கு நேர் மேலே வருகிற காலம் தம்பி. வருடப்பிறப்பு அன்று நிழல் காலுக்குள் விழும். உச்சி கொதிக்கிறது.

சலூன்காரர்: எங்களைப் படிப்பிக்கும்போது இதே சித்திரையில் குடை இல்லாமல் சைக்கிளில் வருவீர்களே?

மாஸ்டர்: அப்போது தலையில்...

(மாஸ்டர் கண்ணாடியில் தன் தலையைப் பார்க்கிறார். கண்ணாடியில் வேறு எதுவும் அவ்வளவாக மினுங்கவில்லை.)

மாஸ்டர்: சரி, விடு. வழிக்க வேண்டாம். வேறு என்ன செய்வது? நான் சும்மா இருக்கவில்லை, தெரியுமா? மேசனைப் பிடித்து நாய்க்குத் தனி வீடு கட்டியிருக்கிறேன். நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். வெளியில் பெயரும் எழுதியாயிற்று.

சலூன்காரர்: அது வீடு இல்லை மாஸ்டர், பேக்கரி.

மாஸ்டர்: அதுதான் உள்ளே போகாமல் அடம்பிடிக்கிறதா? மனுசியின் பழைய குசினிக்குள் போய் விறகுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. நான் ஒவ்வொரு நாளும் இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் விடுகிறேன்.

சலூன்காரர்: பழைய குசினிக்கு என்ன கூரை?

மாஸ்டர்: கிடுகு.

சலூன்காரர்: தரை?

மாஸ்டர்: மண்... டேய், என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாயா?

சலூன்காரர்: நாய் படித்திருக்கிறது மாஸ்டர். எங்கள் ஊர் நாய்களைப் பாருங்கள். கிணற்றடியில் வாழைக்குப் போகிற தண்ணீர் ஈரத்தில் குழி தோண்டி, வயிற்றை வைத்துப் படுக்கும். வயிற்றில்தான் மயிர் குறைவு. இவருக்கும் அதைக் காட்டிவிடுங்கள், ஒரு கிழமையில் பழகிவிடும். சரி, எத்தனை மணிக்கு நடக்கக் கூட்டிப் போகிறீர்கள்?

மாஸ்டர்: பின்னேரம் மூன்று மணிக்கு. மத்தியானச் சாப்பாடு செமிக்க வேண்டாமா?

சலூன்காரர்: யாருடைய சாப்பாடு?

மாஸ்டர்: என்னுடையது.

சலூன்காரர்: செருப்பைக் கழற்றிவிட்டு வீதிக்கு ஒருக்கால் போய் வாருங்கள்.

மாஸ்டர்: என்ன?

சலூன்காரர்: செய்முறைப் பரிசோதனை மாஸ்டர்.

(விஞ்ஞானம் என்றதும் மாஸ்டரால் மறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றித் தாரில் கால் வைக்கிறார். அடுத்து அவர் ஆடியதற்கு மேளம் மட்டும்தான் இல்லை. எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்க்கிறார்.)

மாஸ்டர்: (உள்ளே பாய்ந்து வந்து) கொலைகாரா!

சலூன்காரர்: அவருக்குச் செருப்பே இல்லை மாஸ்டர். வேர்வையும் எங்களைப்போல வராது, உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வரும். மிச்சச் சூடெல்லாம் மூச்சு இளைத்து இளைத்து நாக்கால்தான் போக வேண்டும். புறங்கையைத் தாரில் ஏழு எண்ணும் வரைக்கும் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அவராலும் முடியாது. விடிய ஆறு மணிக்குள் நடத்துங்கள். இல்லாவிட்டால் பொழுது பட்டுத் தார் ஆறிய பிறகு.

மாஸ்டர்: குளிப்பாட்டுவதில் நான் குறை வைக்கவில்லை. நேற்று மீன்கடையில் ஐஸ் வாங்கி முதுகில் கொட்டினேன்.

சலூன்காரர்: மீன் ஐஸா?

மாஸ்டர்: அதனால்தான் இரவு முழுக்க நாலைந்து பூனைகள் பின்னால் திரிந்தன. மானம் போய்விட்டது, நாய்க்கு.

சலூன்காரர்: கிணற்றுத் தண்ணீர் காணும். முதுகில் ஊற்றினால் மேல் மயிரில் வழிந்து போய்விடும், தோலுக்குப் போகாது. வயிறு, தொடை இடுக்கு, கால் பக்கம் நனையுங்கள். ஈரச் சாக்கால் மூடிவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே சூடாகி உள்ளே அவிக்கும். நனைத்துவிட்டுக் காற்றுப் படவிடுங்கள். குடிக்கிற தண்ணீர்ச் சட்டியும் நிழலில் இருக்கட்டும்.

மாஸ்டர்: எப்போது பயப்பட வேண்டும்? இப்போதே பயமாகத்தான் இருக்கிறது.

சலூன்காரர்: சும்மா இளைப்பது பரவாயில்லை. எச்சில் பசை மாதிரி வடிந்து, பல் முரசு கடும் சிவப்பாகி, தள்ளாடி நடந்தால் யோசிக்கவே கூடாது. நாய்க்கு 38, 39 பாகை சாதாரணம். 40ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே நனைத்து, நனைத்தபடியே வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டும்.

(மாஸ்டர் குனிந்து அலாஸ்காவின் உதட்டைத் தூக்கி முரசைப் பார்க்கிறார். அலாஸ்கா மாஸ்டரின் பல்லைப் பார்க்கிறது. இரண்டு பேருக்கும் திருப்தி.)

மாஸ்டர்: ஓட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தேன். ஏதாவது செய்து அனுப்பு.

சலூன்காரர்: செய்கிறேன். கூரையைப் பிரிக்கத்தான் மாட்டேன், உக்கிய ஓலையை உருவித் தருகிறேன். அடி மயிர் கழன்று உள்ளேயே திரண்டு கிடக்கிறது. அது இருந்தால் காற்றுப் போகாது, உண்ணி இருந்தாலும் தெரியாது. நாய்களுக்கென்று கம்பிப் பல் பிரஷ் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இன்றைக்கு இந்த அகலப் பல் சீப்பு. இந்தாருங்கள்.

மாஸ்டர்: நானா?

சலூன்காரர்: உங்கள் நாய் மாஸ்டர். எப்படியும் தார் ஆறாமல் அவரைக் கூட்டிப் போக முடியாது. ஆறு மணி வரைக்கும் என்ன செய்யப் போகிறீர்கள்?

(மாஸ்டர் தரையில் குந்திச் சீவுகிறார். முதல் இழுப்பிலேயே ஒரு கைப்பிடி. பத்தாவது இழுப்பில் ஒரு தலையணை. அரை மணித்தியாலத்தில் அலாஸ்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு அலாஸ்கா படுத்திருக்கிறது. உண்மையான அலாஸ்கா, கை கழுவும் தொட்டிக்கு அடியில் ஈரத் தரையைக் கண்டுபிடித்து, வயிற்றை வைத்து, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் குறட்டை விடுகிறது.)

மாஸ்டர்: இன்னும் வருகிறதே! நாயே முடிந்துவிடும் போல இருக்கிறது.

சலூன்காரர்: வரும், வரும். மாஸ்டர், அந்தக் குவியலை முதலில் ஒரு உரப்பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

மாஸ்டர்: இரு, இந்தப் பக்கமும் முடியட்டும்.

சலூன்காரர்: ஃபான் சுவிட்சை நான் நிற்பாட்டவில்லை மாஸ்டர். கரண்ட் வந்தால்...

(கரண்ட் வருகிறது. ஃபான் ஐந்தாம் நம்பரில் இருந்தது. கதிரை, கண்ணாடி, பவுடர் டப்பா, சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார், மாஸ்டரின் உச்சி என எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாக விழுகிறது.)

சலூன்காரர்: (வாயிலிருந்து மயிரைத் துப்பிக்கொண்டு) சுவிட்ச்! உங்களுக்குப் பின்னால், சுவிட்ச்!

மாஸ்டர்: (ஃபோனை உயர்த்தியபடி) பொறடா, வீடியோ எடுக்கிறேன். அங்கே பனி பெய்கிறது, பனி பெய்கிறது என்று ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டுகிறாள்.